கிளியர்தானே

வ்வூம்... வ்வூம்... வ்வூம்... இதுதானே முதலில் காதில் விழுந்தது? பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிற எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். பனைகளுக்குள் வரும்போது ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். மேடு ஏறின பிறகுதான் கரண்ட் எடுக்கிற காற்றாடி கண்ணில் படும். எனக்கு அது காதிலேயே விழாது அண்ணாச்சி. நின்றால்தான் கேட்கும். நின்ற உடனே திடுக்கென்று இருக்கும்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பூல்பாண்டியின் மச்சினன் வந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னான். ஆவுடையின் கூடப்பிறந்த அண்ணன். சொல்லவே வேண்டாம், முகம் அப்படியே தங்கச்சிதான். பதினாறாம் நாள் முடிந்ததா? நான் வரவில்லை. வர வேண்டாம் என்று கோபிநாத் சார் சொல்லிவிட்டார். எங்கள் சைட் இன்சார்ஜ். அவர் சொல்லாவிட்டால் வந்திருப்பேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். திங்கட்கிழமை விசாரணை. ‘பூல்பாண்டி கம்பத்தை விட்டு இறங்கிவிட்டதாகப் போனில் சொன்னான், சொன்ன பிறகு கரண்ட் கொடுத்தார்கள், சொல்லிவிட்டு மறுபடி ஏறினது அவன் தப்பு.’ ஆபீஸில் இப்படித்தானே சொன்னார்கள்? தப்பு அவனுடையது என்று எழுதிவிட்டால் ஆவுடைக்கு வேலை கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒன்று, அண்ணாச்சி. அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ‘லைன் கிளியர்’ என்று அவன் சொன்னான். அதைத்தான் எழுதினேன்.

குற்றம் யார்மேல் என்று கேட்டால் என்மேலும் இல்லை, அவன்மேலும் இல்லை. அந்தச் சொல்மேல். சிரிக்க வேண்டாம், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என்னைப் பற்றி பூல்பாண்டி வீட்டில் பேசியிருப்பானே? வாத்தியார் என்று? நான் வாத்தியாரெல்லாம் இல்லை. ஞானதிரவியம், பத்தாம் வகுப்பு ஃபெயில். இங்கிலீஷில் இருபத்தெட்டு மார்க். இந்த சப்-ஸ்டேஷனில் பதினெட்டு வருசம் ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர். இந்த மதிய ஷிப்ட் இப்போது மாற்றிப் போட்டது, விசாரணை முடிகிற வரைக்கும். பதினெட்டு வருசமாக நான் வீட்டுக்குப் போகும்போது என் வீட்டுக்காரி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்திருப்பாள். நான் தூங்குவேன். நான் எழுந்தால் அவள் தூங்கப் போவாள். இப்போது திடீரென்று ராத்திரி பத்தரைக்குப் போய் நிற்கிறேன், இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ராத்திரியில் இங்கே என்ன வேலை? மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். மற்றபடி முழித்திருக்க வேண்டும். முழித்திருப்பதற்காக வள்ளியூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் அகராதி ஒன்று வாங்கினேன். இங்கிலீஷ், தமிழ் இரண்டும் போட்டது. முதல் நாற்பது பக்கம் இல்லை. அதனால் ‘ஏ’யில் தொடங்குகிற சொற்களில் நான் கொஞ்சம் பலவீனம். ‘பி’யில் இருந்து கேளுங்கள், சொல்வேன். ராத்திரிக்கு ஒரு சொல். நோட்டில் எழுதி, ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம். அப்படிப் படித்துப் படித்து என் தமிழும் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரி கேலி பண்ணுவாள்.

‘கிளியர்’ என்ற சொல்லுக்கு மூன்று ராத்திரி ஆனது. முப்பத்தாறு அர்த்தம் போட்டிருந்தது. மேகம் இல்லாத வானத்துக்கும் கிளியர். அடி தெரிகிற தண்ணீருக்கும் கிளியர். சந்தேகம் தீர்ந்தால் கிளியர், தொண்டையைச் செருமினால் கிளியர், பரீட்சை பாஸானால் கிளியர். கூட்டத்தை விரட்டினாலும் அதுதான். குற்றமில்லை என்று விட்டுவிட்டால் அவனும் கிளியர். ஒரு சொல், எத்தனை வீட்டுக்குப் போய் வருகிறது பாருங்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அப்போது பிடித்திருந்தது.

எங்கள் வேலையிலேயே அது உண்டு. கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் எனக்குப் போன் பண்ண வேண்டும். நான் இங்கே கரண்டை நிறுத்தி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று போர்டு மாட்டி, ஏறலாம் என்று சொல்ல வேண்டும். அந்த அனுமதிக்குப் பெயர்தான் லைன் கிளியர். எல்லா ஊரிலும் அதுதான் பெயர். லைன் கிளியர் வாங்கினான் என்றால் கம்பியில் கரண்ட் இல்லை, ஏறுகிறான் என்று அர்த்தம்.

இறங்கின பிறகு சொல்வதற்கு இங்கே பெயர் எதுவும் கிடையாது. பூல்பாண்டி ஒரு பாட்டு வைத்திருந்தான். “பூல்பாண்டி எறங்கியாச்சு. மாசானம் எறங்கியாச்சு. கயிறு எறங்கியாச்சு. ராடு எறங்கியாச்சு.” ஒவ்வொன்றாகச் சொல்வான். நான் ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ போட வேண்டும். போடாவிட்டால் விட மாட்டான். “வாத்தியாரே, மாசானத்துக்குச் சரி சொல்லலியே, அவன் என்ன மேலயே குடியிருக்கவா?” என்பான். மாசானம் தெரியுமல்லவா, அவனுடைய ஜோடி. இரண்டு பேரும் ஒரே பைக்கில் வருகிறவர்கள்.

போன வருசம் ஒரு நாள் கோபிநாத் சார் இங்கே நின்றுகொண்டிருந்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கயிறு எறங்கியாச்சு, ராடு எறங்கியாச்சு என்று இவன் அடுக்குகிறான். சார் சிரித்துவிட்டார். “என்னங்க திரவியம் இது, சந்தையில மூட்டை எறக்கற மாதிரி? நீங்க அகராதியெல்லாம் படிக்கறீங்கன்னு சொன்னாங்க.” அவ்வளவுதான் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் வைத்து அவர்களிடம் சொன்னேன். “இனிமே இந்த மூட்டை எறக்குத பாட்டெல்லாம் வேண்டாம்வே. கீழ வந்ததும் லைன் கிளியர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். உலகம் பூரா அப்படித்தான்.”

உலகம் பூரா எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு பேச்சுக்குச் சொன்னது.

பூல்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். “ஏறுததுக்கு உம்மகிட்ட லைன் கிளியர் வாங்குதோம். எறங்குததுக்கும் அதேயா? போறதுக்கும் வாறதுக்கும் ஒரே டிக்கட்டாவே?”

“ரிட்டன் டிக்கட்டுன்னு வச்சுக்கிடும்,” என்றேன்.

கடையே சிரித்தது. நான் அப்படி டக்கென்று பதில் சொல்கிற ஆள் இல்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

மாசானம் விடவில்லை. “டாக்டரு என் நெஞ்சப் படம் புடிச்சிட்டு கிளியர்ங்கான். பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரன் தள்ளுவண்டியப் பூரா தூக்கிட்டு கிளியர்ங்கான். ரெண்டும் ஒண்ணா வாத்தியாரே?”

“எடத்தப் பொறுத்து அர்த்தம் மாறும்வே. படிச்சவனுக்குத் தெரியும்.”

“படிக்காதவன் கம்பத்துல நின்னா?” என்று பூல்பாண்டி கேட்டான்.

கேட்டான்தான். ஆனால் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அதை ஒரு ஆட்சேபணையாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றையிலிருந்து அவனும் ‘லைன் கிளியர்’ என்றே சொல்ல ஆரம்பித்தான். கொஞ்சம் இழுத்து, சினிமாவில் வெள்ளைக்காரத் துரை பேசுகிற மாதிரி. என்னைக் கேலி செய்வதற்காக. பதினோரு மாதம். பதினோரு மாதத்தில் ஒரு தவறு உண்டா? நீங்கள் ரிஜிஸ்தரை எடுத்துப் பார்க்கலாம்.

ஆடி மாதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஆளைத் தூக்கும். எங்களுக்கு அதுதான் அறுவடை. ஒரு லைன் ஒரு மணி நேரம் நின்றால் மேலிடத்திலிருந்து கோபிநாத் சாருக்குப் போன், அவரிடமிருந்து எனக்குப் போன். அன்றைக்கு விடியக்காலம் நாலரைக்கு மூன்றாம் லைன் கரண்ட் அறுந்து விழுந்தது. நாற்பத்தொன்றாம் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் வெடித்திருந்தது. இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். போன் வந்தது, கரண்டை நிறுத்தினேன், போர்டு மாட்டினேன், லைன் கிளியர் கொடுத்தேன். எல்லாம் முறைப்படி. நேரம் ஐந்து ஐந்து.

ஐந்து முப்பத்தெட்டுக்கு மறுபடி போன். ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட் மாற்றம். மாற்ற வருகிறவன் ஒரு மாதிரி ஆள், லைன் நின்றிருந்தால் ‘திரவியம் அண்ணன் விட்டுட்டுப் போயிட்டாரு’ என்று ஊரெல்லாம் சொல்வான். பதினெட்டு வருசத்தில் ஒரு லைனை நிறுத்தி வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனது கிடையாது. அதனால் போனை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காற்றுச் சத்தம். நடுவில் அவன் குரல். “வாத்தியாரே, நாப்பத்தொண்ணு முடிஞ்சிது.” பிறகு காற்று. காற்றுதான். பிறகு, “லைன் கிளியர்.”

நான், “கிளியர்,” என்றேன்.

“சரி,” என்றான். வைத்துவிட்டான்.

பாருங்கள், அண்ணாச்சி. அவன் சொன்னதும் கிளியர், நான் சொன்னதும் கிளியர். இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டோம். ஒரு வார்த்தை வித்தியாசம் கிடையாது. அவன் சொன்னதை, ‘நாங்கள் இறங்கிவிட்டோம், கரண்ட் கொடுக்கலாம்’ என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் சொன்னதை, ‘கரண்ட் இல்லை, ஏறலாம்’ என்று அவன் எடுத்துக்கொண்டான். நாற்பத்தி மூன்றாம் கம்பத்திலும் ஒரு பீங்கான் விரிசல் விட்டிருந்ததாம். அதையும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வேலையில் கெட்டிக்காரன், நானே சொல்வேன். போனில் அவன் அதைச் சொல்லியிருக்கிறான், காற்று தின்றது அந்த நாற்பத்தி மூன்றைத்தான்.

ராடு விசயமும் உண்டு. கம்பியைத் தரையோடு இணைத்து வைக்கிற ராடு. அதைப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு ஜோடி ராடுதான் இருந்தது, மாசானம் நாற்பத்தொன்றில் அதைக் கழற்றித் தோளில் வைத்து நடந்து வந்துகொண்டிருந்தான். இவன் அதற்குள் ஏறிவிட்டான். ஏன் ஏறினான்? நான் கிளியர் என்று சொன்னதால் ஏறினான் என்கிறார்கள். அது சரிதான். என்னை அவ்வளவு நம்புவான்.

ஐந்து நாற்பத்து நாலுக்குப் போர்டை எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன். கைப்பிடி உடனே திரும்ப விழுந்துவிட்டது. லைனில் இன்னும் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிசம் விட்டு இன்னொரு தடவை திருப்பினேன். அது வழக்கம், எல்லா ஆபரேட்டரும் செய்வதுதான். இரண்டாவது தடவை விழாமல் நின்றது. லைன் பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோசம். ஏன் விழவில்லை என்று பிறகுதான் தெரிந்தது, அதற்குள் அவன் கம்பியை விட்டுக் கீழே விழுந்து கிடந்தான்.

இரண்டு தடவை என்பதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?

நான் நினைத்தேன், சொல்லியிருப்பார்கள் என்று. தண்ணீர் குடியுங்கள். அந்தப் பாட்டில் நல்ல தண்ணீர்தான், வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வேண்டாமா, சரி.

அப்புறம் மாசானத்தின் போன். ஐந்து ஐம்பது.  “எறங்கிட்டான்வே,” என்றான். “பூல்பாண்டி எறங்கிட்டான்வே.” அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. லைன் கொடுத்தாகிவிட்டது, இவன் இப்போது வந்து பழைய பாட்டைப் பாடுகிறானே என்று. “கிளியர்னு சொல்லும்வே, எத்தனை தடவை சொல்லுதது?” என்றேன்.  போனைக் கீழே போட்டுவிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அப்போதும், யாரோ சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு சொல் ஆளை எப்படி ஏமாற்றும் என்று காட்டத்தான். என் பக்கம் பேசுவதற்காக இல்லை. அந்த முப்பத்தாறு அர்த்தத்தையும் அழகாக எழுதி, என் வாக்குமூலத்தோடு பின் அடித்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வருகிறவர்கள் படித்தவர்கள், புரிந்துகொள்வார்கள். கோபிநாத் சார் அதைக் கழற்றிவிட்டதாக டைப்பிஸ்ட் சொல்கிறான். ஒரு பக்கம் போதும் என்றாராம்.

என்ன? மாசானமா?

மாசானம் அப்படிச் சொல்கிறானா. கூட நின்று கேட்டேன் என்கிறானா. ‘லைன் கிளியர்’ இல்லை, ‘லைன் கிளியர்தானே’ என்று கேட்டான் என்கிறானா. அவன் குடிகாரன் என்று ஆபீஸில் எழுதிவிட்டார்கள், அண்ணாச்சி. அவன் சொல் எடுபடாது. குடிக்கிறவன்தான். காலையில் குடிக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் குடிக்கிறவன்தானே.

‘தானே.’

சரி, உங்களிடம் சொல்வதற்கு என்ன. ஒன்று வந்தது. காற்றோடு சேர்ந்து ‘தா’ என்று ஒன்று, அப்புறம் ‘னே’ மாதிரி ஒன்று. காதில் விழவில்லை என்று சொன்னால் அது பொய். விழுந்தது. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. நாங்கள் பேசி வைத்துக்கொண்ட சொல் ‘லைன் கிளியர்.’ அது முழுச்சொல், அதற்குப் பின்னால் எதுவும் ஒட்டாது. பின்னால் வருகிறதெல்லாம் இவர்கள் பேச்சு. வாயில் எதையாவது ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். ‘சாப்பிட்டாச்சில்லா’ என்பார்கள், ‘வாறேன்லா’ என்பார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டு உள்ளே இருக்கிற சொல்லை எடுப்பதுதான் படித்தவன் செய்வது. நான் அப்படித்தான் எடுத்தேன். ‘எறங்கியாச்சா’ என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம் என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். அந்த வார்த்தையை நிறுத்தச் சொன்னதே நான்தானே, அதை நானே எப்படிக் கேட்பேன்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

காகிதம் வேறு கொண்டுவந்திருக்கிறீர்களா? ஆவுடை கொடுத்துவிட்டாளா, பையன் நோட்டிலிருந்து கிழித்ததா. ‘இப்போ சொன்னத மட்டும் எழுதிக் கொடுங்க.’ ம். நீங்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுதுகிறேன். கொடுங்கள். வாக்குமூலத்தை நான் இங்கிலீஷில்தான் கொடுத்திருக்கிறேன், இதுவும் அதில்தான் இருக்க வேண்டும். பூல்பாண்டி... நேரம் ஐந்து முப்பத்தெட்டு... போனில்... இங்கேதான் இடிக்கிறது. ‘சொன்னான்’ என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ‘கேட்டான்’ என்று எழுத வேண்டும். ‘தானே’ என்பதற்கு அகராதியில் சொல் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே தேடினேன். ‘கேட்டான்’ என்றுதான் போட வேண்டும். அப்படிப் போட்டால் அவர்கள் அடுத்த கேள்வி கேட்பார்கள். கேட்டவனுக்கு நீ என்ன பதில் சொன்னாய்? கிளியர் என்றேன். சொல்லிவிட்டு என்ன செய்தாய்?

ஐம்பத்திரண்டு வயசு எனக்கு. இந்த வேலையை விட்டால் வாட்ச்மேன் வேலைக்குக்கூட எடுக்க மாட்டார்கள். வேலை போவதோடு விடுவார்களா என்றும் தெரியாது. ஆவுடைக்கு இருபத்தொன்பதா, முப்பதா? அவளுக்கு எங்கேயாவது ஒன்று கிடைக்கும். பூ கட்டுவாள், பீடி சுற்றுவாள். என் வீட்டுக்காரியிடம் சொல்லி இலை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறேன். நிச்சயமாகச் சொல்கிறேன்.

‘தமிழ்லயே எழுதுங்க.’ எழுதலாம். தமிழில் எழுதினால் ஒரே வரிதான், அரை நிமிசம் ஆகாது. அதுதான், அண்ணாச்சி. தமிழில் எழுதினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் வரும்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. யோசித்து எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுகிறேன். காகிதம் இங்கேயே இருக்கட்டுமே. மடித்து வைத்துக்கொண்டீர்களா, சரி. ஆறு இருபதுக்கு ஒரு பஸ் உண்டு, அதை விட்டால் எட்டேகாலுக்குத்தான். கேட் வரைக்கும் வரட்டுமா? வேண்டாமா. மேட்டில் இறங்கும்போது பார்த்து இறங்குங்கள், சரளைக்கல் வழுக்கும்.

மணி ஆறு ஐந்து. பேச்சில் ஆறு மணி ரீடிங்கை விட்டுவிட்டேன். ஐந்து மணிக்கு என்ன? முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. காற்று அதே காற்றுதான், ஆறு மணிக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. நேரம், ஆறு பூஜ்யம் பூஜ்யம். இரண்டாம் லைன், நூற்றுப் பதினாலு. மூன்றாம் லைன், நூற்று எட்டு. கையெழுத்து.